கரையும் மண்ணும் கரையாத மாவும்

விநாயகர் சதுர்த்திக்கு முதல் நாள் தெருமுனையில் ஈரக் களிமண்ணை அச்சில் அழுத்தி எடுத்து, பலகையில் வரிசையாக வைத்து விற்பார்கள். கண்ணுக்கு இரண்டு குன்றிமணி, கழுத்துக்கு எருக்கம்பூ மாலை, தலைக்கு மேல் வண்ணக் காகிதக் குடை. மூன்றாம் நாள் அந்தப் பிள்ளையாரைக் கிணற்றிலோ குளத்திலோ விட்டால் சற்று நேரத்தில் வடிவம் குலைந்துவிடும். மறுநாள் தேடினாலும் கிடைக்கமாட்டார். அதே வாரம் சென்னைப் பட்டினப்பாக்கத்திலும் காசிமேட்டிலும் கடலில் இறக்கிய பெரிய சிலைகளில் சில, அலை திருப்பித் தள்ளிக் கரையில் கிடக்கும். கை தனியாக, தும்பிக்கை தனியாக உடைந்திருக்கும். ஆனால் விரல் நகம்வரை வார்த்த வடிவம் அப்படியே இருக்கும்.

இரண்டும் ஏறத்தாழ ஒரே முறையில் செய்யப்பட்டவை. ஒரு பொடியில் தண்ணீர் விட்டுக் குழைத்து, அச்சில் இட்டு, காயவைத்து எடுத்த உருவங்கள். தண்ணீர் சேர்த்துச் செய்த ஒன்றைத் தண்ணீரே கலைத்துவிடுகிறது. தண்ணீர் சேர்த்துச் செய்த இன்னொன்றை அதே தண்ணீரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஏன்?

களிமண் இயற்கையானது, மற்றது செயற்கையானது என்பது பலரும் சொல்லும் பதில். அது சரியில்லை. பெரிய சிலைகளை வார்க்கப் பயன்படும் பாரிஸ் சாந்து (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) ஜிப்சம் என்ற கனிமத்தை வறுத்து அரைத்த பொடி. ஜிப்சம் நிலத்தில் தானாகக் கிடைப்பது. இந்தியாவில் பெரும்பகுதி ராஜஸ்தானில் தோண்டி எடுக்கிறார்கள். பெரம்பலூர் மாவட்டத்துக் காரை என்ற ஊரின் வறண்ட பள்ளங்களில் நடந்தால், மண்ணுக்குள் அது பளபளக்கும் நரம்புகளாக ஓடுவதை நீங்களே பார்க்கலாம். இயற்கைப் பொருள் என்றால் கரையும், செயற்கைப் பொருள் என்றால் கரையாது என்று நீருக்கு எந்த விதியும் கிடையாது. காயும்போது சிலையை விட்டுப் போன நீர் எங்கே இருந்தது, போகாமல் தங்கிய நீர் எங்கே தங்கியது என்பதில்தான் விடை இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் சதுர்த்திக்கு எந்தச் சிலை வாங்கலாம் என்பதை விளம்பர வாசகத்தை நம்பாமல் நாமே முடிவு செய்யலாம்.

முதலில் களிமண். ஆற்று மணலைக் கையில் எடுத்தால் தனித்தனி மணிகள் தெரியும். களிமண்ணில் அப்படித் தெரியாது. அதன் துகள்கள் ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூற்றில் ஒரு பங்கைவிடச் சிறியவை. பெரும்பாலும் தட்டையான தகடுகள். இந்தத் தகடுகளுக்குள் அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதை எக்ஸ் கதிர்களைக் கொண்டுதான் அறிய முடிந்தது. ஒழுங்காக அடுக்கிய அணுக்களின் மேல் பட்ட எக்ஸ் கதிர் குறிப்பிட்ட கோணங்களில் சிதறும்; அந்தக் கோணங்களிலிருந்து அடுக்குகளின் இடைவெளியைக் கணக்கிடலாம். அப்படிப்பட்ட தடயங்களை வைத்து, மைக்கா, களிமண் போன்றவை அடுக்கடுக்கான ஏடுகளால் ஆனவை என்று 1930இல் அமெரிக்க வேதியியலாளர் லைனஸ் பாலிங் விளக்கினார். சிலிக்கனும் ஆக்சிஜனும் ஓர் ஏடு, அலுமினியமும் ஆக்சிஜனும் அதோடு ஒட்டிய இன்னோர் ஏடு.

கழுவி அடுக்கிய எவர்சில்வர் தட்டுகளை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஈரம் இருக்கும்போது ஒன்றை மற்றதன்மேல் எளிதாக வழுக்கி நகர்த்தலாம். நேராகத் தூக்கிப் பிரிக்க முயன்றால் வராது. களிமண் தகடுகளுக்கு இடையில் உள்ள நீரும் இதையேதான் செய்கிறது. வழுக்குவதால் களிமண் கைக்கு வளைந்து கொடுக்கிறது. பிரிய விடாததால், வளைத்த வடிவம் நிற்கிறது. இந்த நீரை இடுக்கு நீர் என்று அழைப்போம்.

வெயில் பட்டதும் இடுக்கு நீர் ஆவியாகிறது. தகடுகள் நெருங்குகின்றன, மொத்த உருவமும் சுருங்குகிறது. கோடையில் குளத்தின் அடிமண் பாளம் பாளமாக வெடிப்பதும் இந்தச் சுருக்கத்தால்தான். காய்ந்த பிள்ளையார் கெட்டியாக இருந்தாலும் தகடுகளுக்கு நடுவே புதிய வேதிப்பிணைப்பு எதுவும் உண்டாகவில்லை. நெருங்கி நிற்பதால் உண்டாகும் வலுக்குறைந்த கவர்ச்சிதான் அவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது. மறுபடி நீர் உள்ளே போனால் தகடுகள் விலகிவிடும்.

எவ்வளவு வேகமாக விலகும் என்பது பலரும் எதிர்பாராத ஒன்று. ஒரே அளவில் இரண்டு களிமண் உருண்டை பிடியுங்கள். ஒன்றை நான்கு நாள் நல்ல வெயிலில் காயவையுங்கள். மற்றதை ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். பிறகு இரண்டையும் கண்ணாடிக் குவளை நீரில் போட்டுப் பாருங்கள். ஈர உருண்டைதான் முதலில் கரையும் என்று தோன்றும். ஆனால் அது மணிக்கணக்கில் அப்படியே கிடக்கும். காய்ந்த உருண்டையோ சீறிக்கொண்டு குமிழ்களை விட்டு, சில நிமிடங்களில் பொலபொலவென்று உதிரும். பச்சையாக உடைந்த கலத்தை மறுபடி குழைக்க நினைக்கும் குயவர், முதலில் அதை நன்றாகக் காயவிட்டுப் பிறகே நீரில் போடுவது இதனால்தான்.

காரணம், அந்தக் குமிழ்களில் இருக்கிறது. காய்ந்த உருண்டையில் நீர் விட்டுப் போன இடமெல்லாம் காற்று. நீரில் போட்டதும் மெல்லிய துளைகள் எல்லாப் பக்கமிருந்தும் நீரை உறிஞ்சுகின்றன. தந்துகிக் கவர்ச்சி என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான். எல்லாப் பக்கமும் நீர் நுழைவதால் உள்ளே இருக்கும் காற்றுக்கு வெளியேற வழியில்லை. அது நசுங்கி, அழுத்தம் ஏறி, கடைசியில் மண்ணைப் பிளந்துகொண்டு வெளியே வருகிறது. இதை மண்ணியலாளர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். காய்ந்த மண்கட்டியை ஒரு கலத்தில் வைத்து, உள்ளிருக்கும் காற்றை முதலில் உறிஞ்சி எடுத்துவிட்டுப் பிறகு நனைத்தால், கட்டி அவ்வளவாக உடைவதில்லை. மண்ணும் நீரும் அதேதான். காற்று மட்டும் இல்லை. எனவே உடைக்கும் வேலையைச் செய்தது காற்று என்று உறுதியாகிறது.

இனி பாரிஸ் சாந்து மாவு. கை உடைந்தவருக்குப் போடும் மாவுக்கட்டு பாரிஸ் சாந்துதான். நம் ஊர்க் குடிசைத் தொழிலில் வார்க்கும் பள்ளிச் சாக்பீசும் பெரும்பாலும் அதே சாந்துதான். ஒரு சாக்பீசை நீரில் போட்டுப் பாருங்கள். காய்ந்த களிமண்ணிலிருந்து வந்தது போலவே குமிழ்கள் வரும். அதிலும் துளைகள் உண்டு, துளைகளில் காற்று உண்டு, நீரும் அதேபோல் நுழைகிறது. ஆனால் சாக்பீஸ் உடையவில்லை. மறுநாளும் அதை எடுத்து, காயவைத்து எழுதலாம். அப்படியானால் இதன் துகள்களை ஏதோ ஒன்று களிமண்ணில் இல்லாத வலுவோடு பிடித்து வைத்திருக்கிறது.

அது என்ன என்று கண்டறிந்த கதை தராசில் தொடங்குகிறது. பாரிஸ் நகரின் மோன்மார்த்ர் குன்றில் ஜிப்சம் குவாரிகள் இருந்தன; சாந்துக்கு ஊர்ப்பெயர் வந்ததும் இப்படித்தான். பின்னாளில் நவீன வேதியியலின் தந்தை என்று பெயர் பெற்ற லவாய்சியர், 1765இல் தம் 21ஆம் வயதில் பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் படித்த முதல் கட்டுரையே ஜிப்சத்தைப் பற்றியதுதான். ஜிப்சத்தைச் சூடாக்கினால் ஏதோ ஆவி வெளியேறுகிறது. அவர் அதைப் பிடித்துக் குளிர்வித்து, வெறும் தண்ணீர்தான் என்று காட்டினார், எடையும் போட்டார். சூடாக்கிய பொடியில் தண்ணீர் விட்டுக் கெட்டியாக்கினால், இழந்த நீரைத்தான் அது மறுபடி எடுத்துக்கொள்கிறது என்பது எடையிலிருந்து தெரிந்தது. தொட்டுப் பார்த்தால் முற்றிலும் உலர்ந்திருக்கும் ஜிப்சக் கல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே மேல் தண்ணீர்! ஈரமாக இல்லாமல், படிகக் கட்டமைப்பில் தனக்கென்று இடம் பிடித்து, கால்சியம், சல்பேட் அயனிகளோடு பிணைந்து நிற்கும் நீர் அது. இதைத்தான் படிக நீர் என்கிறோம்.

ஜிப்சத்தை 150 டிகிரி செல்சியஸ் வாக்கில் வறுக்கும்போது அந்தப் படிக நீரில் முக்கால் பங்கு போய்விடும். மிஞ்சுவது பாரிஸ் சாந்து. அதில் தண்ணீர் விட்டதும் நடப்பதைப் பிரெஞ்சு வேதியியலாளர் லெ ஷதெலியே 1880களில் விளக்கினார். சாந்துப் பொடி நீரில் ஓரளவு கரைகிறது. கரைந்ததும், தான் இழந்த நீரைச் சேர்த்துக்கொண்டு ஜிப்சமாக மாறுகிறது. ஜிப்சம் சாந்தைவிடச் சில மடங்கு குறைவாகவே கரையும் என்பதால் அந்த நீரில் தங்க இடமில்லாமல் ஊசி ஊசியாகப் படிகம் கட்டுகிறது. கோடிக்கணக்கான ஊசிகள் குறுக்கும் நெடுக்குமாக வளர்ந்து ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக்கொள்கின்றன. அப்போது வெப்பமும் வெளிப்படும். மாவுக்கட்டு போட்டுக்கொண்டவர்களுக்குக் கட்டு இறுகும்போது உண்டான இளஞ்சூடு நினைவிருக்கும். ஆகவே சாந்துச் சிலை காய்வதால் கெட்டியாகவில்லை. நீர் அதில் ஓர் உறுப்பாகிவிட்டதால் கெட்டியானது. மேலும் தண்ணீர் விட்டால் சேர்த்துக்கொள்ள அதில் இடமும் இல்லை, விலகிப்போகத் தளர்ந்த தகடுகளும் இல்லை.

ஆனாலும் ஜிப்சம் அறவே கரையாது என்பதில்லை. ஒரு லிட்டர் நீரில் 2 கிராமுக்குச் சற்று மேல் கரையும். கணக்குப் பார்த்தால் 10 கிலோ சிலைக்கு 5000 லிட்டர் நீர் போதும்; ஊர்க் குளத்தில் அதற்கு எத்தனையோ மடங்கு நீர் உண்டு. பிறகு ஏன் அது மாதக்கணக்கில் கிடக்கிறது? கரைவது மேற்பரப்பில் மட்டும்தான் நடக்கும். சிலையை ஒட்டியிருக்கும் மெல்லிய நீர்ப்படலம் விரைவில் தெவிட்டிவிடும். தேங்கிய குளத்தில் அந்தப் படலத்தை விலக்கிப் புதுநீர் கொண்டுவர ஓட்டம் இல்லை. மேலே பெயின்ட் பூச்சு வேறு. அடியில் போன துண்டுகளைச் சேறும் மூடிவிடும். களிமண்ணைப் பிரிக்கும் விசை அதன் உள்ளிருந்து வேலை செய்கிறது. சாந்தையோ வெளியிலிருந்து, ஒரு படலத்துக்குப் பின் இன்னொரு படலமாக அரித்துத்தான் தீர்க்க வேண்டும்.

மூன்றாவது வகை நீர் ஒன்றும் இருக்கிறது. இதைச் சொல்லாவிட்டால், மண் என்றாலே போதும் என்று நம்பிச் சுடுமண் பிள்ளையாரை வாங்கிக் குளத்தில் போட்டுவிடுவோம். பொருளைச் சூடேற்றிக்கொண்டே அதன் எடையையும் தொடர்ந்து அளக்கும் தராசு ஒன்றை ஜப்பானிய அறிஞர் கோதாரோ ஹோண்டா 1915இல் உருவாக்கினார். அப்படிப்பட்ட தராசில் ஈரக் களிமண்ணை வைத்தால் 100 டிகிரியைத் தாண்டுவதற்குள் இடுக்கு நீர் போய் எடை குறையும். பிறகு நெடுநேரம் பெரிதாக மாற்றமில்லை. 500 டிகிரியைத் தாண்டியதும் எடை மறுபடி சரசரவென்று இறங்கும். தூய வெண்களிமண் அந்தக் கட்டத்தில் தன் எடையில் ஏறத்தாழ 14 விழுக்காட்டை இழக்கும். அப்போது வெளியேறுவதும் நீர்தான். ஆனால் அதுவரை அது தகடுகளின் இடையில் இருக்கவில்லை. ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த இணைகளாக, தகட்டின் உடம்பாகவே இருந்தது. அதைக் கட்டமைப்பு நீர் எனலாம். அது போனால் தகடு தகடாக இருக்காது. சூளையில் இன்னும் சூடேறும்போது துகள்கள் ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொள்ளும். பிறகு எத்தனை காலம் ஊறினாலும் அது களிமண்ணாகத் திரும்பாது. ஆதிச்சநல்லூர் முதுமக்கள் தாழிகளும் கீழடிப் பானை ஓடுகளும் இத்தனை நூற்றாண்டு மழையிலும் ஈர மண்ணிலும் கிடந்து கரையாமல் நம் கைக்கு வருவதே இதற்குச் சான்று.

சரி, கரையாவிட்டால் என்ன கெட்டுவிடும்? இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாரிஸ் சாந்தை நஞ்சு என்று மேடைகளில் சொல்லிவிடுகிறார்கள். ஜிப்சம் நஞ்சில்லை. உவர் நிலத்தைத் திருத்த உழவர்கள் அதை வயலில் தூவுகிறார்கள். சோயாப் பாலைத் திரித்து டோஃபு செய்யவும் அது பயன்படுகிறது. குளத்தில் அது செய்யும் கெடுதல் வேறு விதமானது. நீர் கடினமாகும். உடைந்த துண்டுகள் அடியில் சேர்ந்துகொண்டே போகும். ஆக்சிஜன் இல்லாத அடிச்சேற்றில் வாழும் ஒருவகை பாக்டீரியாக்கள், நாம் ஆக்சிஜனைச் சுவாசிக்கும் இடத்தில் சல்பேட்டைப் பயன்படுத்தி, அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடை வெளியிடும். டச்சு நுண்ணுயிரியலாளர் பெயரிங்க் 1895இலேயே இவற்றைக் கண்டறிந்திருந்தார். அந்த வாயு மீனுக்கு ஆகாது.

உண்மையான நஞ்சு சிலையின் மேல்பூச்சில் வரலாம். பளிச்சென்ற மஞ்சளுக்கு ஈயக் குரோமேட், செம்மஞ்சளுக்கு ஈயச் செந்தூரம் என்று மலிவான பெயின்ட்களில் உலோகச் சாயங்கள் நெடுங்காலம் புழங்கின. வீட்டு, அலங்காரப் பெயின்ட்களில் ஈயம் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற இந்திய விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பூ அழுகி மக்கும், காகிதம் மக்கும். ஈயம் தனிமம், அதை மேலும் உடைத்து வேறொன்றாக்க எந்த நுண்ணுயிராலும் முடியாது. சேற்றில் தங்கும், புழு பூச்சி வழியாக மீனுக்குப் போகும், மீனிலிருந்து நமக்கு வரும். பூசாத சிலையே சிறந்தது. நிறம் வேண்டுமென்றால் காவிக்கல், மஞ்சள், சுண்ணாம்பு மூன்றும் நம் சுவர்களும் கோலங்களும் ஏற்கெனவே அறிந்தவைதான்.

நீரில் இவ்வளவு உலோகம் கூடியிருக்கிறது என்று எப்படிச் சொல்கிறார்கள்? சதுர்த்திக்கு முன், சிலைகள் இறக்கப்படும் நாள்களில், அதற்குப் பின் என்று மூன்று கட்டமாக ஒரே இடத்து நீரை எடுத்துச் சோதிப்பதுதான் மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களின் முறை. மூன்றையும் ஒப்பிட்டால்தான் பழைய சாக்கடை மாசு எவ்வளவு, திருவிழா சேர்த்தது எவ்வளவு என்று பிரிக்க முடியும். உலோகத்தை அளக்க, ஆஸ்திரேலிய அறிவியலாளர் ஆலன் வால்ஷ் 1950களில் உருவாக்கிய அணு உறிஞ்சல் முறை உதவுகிறது. நீர் மாதிரியைச் சுடரில் தெளித்து, ஈய விளக்கின் ஒளியை அதனூடே அனுப்புகிறார்கள். ஈய அணு, ஈயத்துக்கே உரிய ஒளியை மட்டும் விழுங்கும். எவ்வளவு ஒளி குறைந்ததோ அந்த அளவுக்கு ஈயம் இருக்கிறது என்று பொருள். லிட்டருக்கு மில்லிகிராமில் சிறு பங்கு இருந்தாலும் இந்த முறையில் தெரிந்துவிடும்.

பாரிஸ் சாந்து வேண்டாம் என்றதும் காகிதக்கூழும் கிழங்கு மாவும் கலந்த சிலைகள் வந்தன. அவற்றை "சுற்றுச்சூழலுக்கு உகந்தவை" என்று விற்கிறார்கள். எடை குறைவு, கடலில் ஊறிச் சிதைந்தும் போகும். சாந்தைவிட மேல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் சிறிய குளத்தில் இறக்குமுன் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். மாவு மக்குவது என்றால் நுண்ணுயிர்கள் அதைத் தின்று, நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைச் செலவழிப்பது. ஒரு கிலோ மாவு முழுதும் மக்க ஏறத்தாழ 1.2 கிலோ ஆக்சிஜன் தேவை. நம் ஊர் வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் அதிகபட்சம் 8 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் வைத்துக்கொள்ளும். அப்படியானால் ஒரு கிலோ மாவு, ஏறத்தாழ ஒன்றரை லட்சம் லிட்டர் நீரிலுள்ள ஆக்சிஜன் முழுவதையும் கேட்கிறது! காற்றிலிருந்து ஆக்சிஜன் மறுபடி கரையும், அதுவும் மெதுவாகத்தான். லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே போனால் மீன்களுக்குத் திணறல் தொடங்கிவிடும். நீருக்கு இப்படி உண்டாகும் கடனை உயிர்வேதி ஆக்சிஜன் தேவை என்ற அளவால் குறிப்பார்கள். சிலையோடு சேர்த்து வீசும் மாலைகள், வாழைக்கன்று, கொழுக்கட்டை, பழம் எல்லாம் இந்தக் கடனில்தான் சேரும். அவற்றைக் கரையிலேயே எடுத்து எருக்குழியில் போட்டால் அந்தச் சுமை அத்தனையும் குளத்துக்கு இல்லாமல் போகும். இவ்வளவு எளிதில் இவ்வளவு நன்மை தரும் வேலை வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை.

களிமண்ணையும் விட்டுவிடக் கூடாது. சர்க்கரை கரைவது போல் அது மூலக்கூறுகளாகப் பிரிவதில்லை. தகடுகளாகச் சிதறி நீரில் மிதக்கிறது. களிமண் துகள்களில் மிகப் பெரியதே 10 சென்டிமீட்டர் கீழே இறங்க 8 மணி நேரம் ஆகும். நுண்ணியவை நாள்கணக்கில் இறங்காது. அதுவரை கலங்கிய நீரில் வெயில் புகாது, பாசியும் நீர்ச்செடியும் உணவு தயாரிக்க முடியாது. தகடுகளின் முகத்தில் எதிர்மின்னூட்டம் இருப்பதால் ஒன்றையொன்று விலக்கித் தள்ளிக்கொண்டே மிதக்கின்றன. கடலில் இது நடப்பதில்லை; உப்பு அயனிகள் அந்த மின்னூட்டத்தை மறைத்துவிட, தகடுகள் ஒட்டித் திரண்டு படிந்துவிடும். கலங்கல் நீரைத் தெளியவைக்கப் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையைத் தேய்த்த நம் பாட்டிமார் செய்ததும் இந்தத் திரட்டல்தான். ஒன்றிரண்டு சாண் உயரப் பிள்ளையார்களால் ஊர்க் குளத்துக்குப் பெரிய கலக்கம் வராது, அதிலும் குளத்து வண்டலையே எடுத்துச் செய்திருந்தால் மண் வந்த இடத்துக்குத்தான் போகிறது. பத்தடிச் சிலைகள் நூறு வந்தால், களிமண்ணே ஆனாலும், குளம் தாங்காது.

சட்டம் இந்த அறிவியலை ஏறக்குறைய அப்படியே ஏற்றுக்கொண்டிருக்கிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2010ஆம் ஆண்டு நெறிமுறைகள் சுட்ட மண்ணும் சாந்தும் தவிர்த்து மரபான களிமண்ணை ஊக்குவிக்கச் சொல்லின. 2020இல் திருத்திய நெறிமுறைகள் பாரிஸ் சாந்து, தெர்மாகோல், ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் ஆகியவற்றைத் தடுத்தன. 2023 செப்டம்பரில் சாந்துச் சிலைகளை விற்க அனுமதித்த தனி நீதிபதியின் உத்தரவைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அமர்வு நிறுத்தி வைத்தது. அதில் தலையிட உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது.

ஏற்கெனவே வீட்டில் இருக்கும் சாந்துச் சிலையை என்ன செய்வது? புணேயின் தேசிய வேதியியல் ஆய்வகம் இதற்கு ஓர் அழகான வழி கண்டது. பிஸ்கட் செய்வோர் பயன்படுத்தும் அமோனியம் பைகார்பனேட்டைச் சிலையின் எடைக்கு ஏறத்தாழச் சமமாக எடுத்து, வாளி நீரில் கரைத்து, சிலையை அதில் வைப்பதுதான் முறை. இரண்டு நாளில் சிலை சிதைந்து அடியில் வெள்ளை வண்டலாகப் படிந்துவிடும். ஜிப்சத்திலிருந்து கரைந்து வரும் சிறிதளவு கால்சியத்தைக் கார்பனேட் உடனே பிடித்துக்கொள்கிறது. கால்சியம் கார்பனேட் ஜிப்சத்தைவிட நூறு மடங்குக்கு மேல் குறைவாகக் கரையும் பொருள் என்பதால் படிந்துவிடும். நீரில் கால்சியத்துக்கு மறுபடி இடம் கிடைப்பதால் ஜிப்சம் மேலும் கரைகிறது. தெவிட்டிய படலம் என்ற தடை இங்கே நிற்பதில்லை. மேலே தெளிந்து நிற்பது அமோனியம் சல்பேட் என்ற உரம். புணே மாநகராட்சி இந்த உப்பை மக்களுக்கு இலவசமாகவே கொடுத்திருக்கிறது. அந்த நீரைக் குளத்தில் கொட்டினால் பாசி மண்டும். நிறைய நீர் கலந்து செடிகளுக்கு விட வேண்டும். ஈயப் பெயின்ட் பூசிய சிலை என்று தெரிந்தால் அதையும் செய்யக் கூடாது. அந்தச் சிலையைக் கரைக்காமல் வைத்திருப்பதே நல்லது.

கடையில் களிமண்ணா சாந்தா என்று சந்தேகம் வந்தால், அடிப்பாகத்தில் பெயின்ட் படாத இடத்தில் ஒரு சொட்டு நீர் விட்டு, விரலால் தேய்த்துப் பாருங்கள். களிமண் உடனே கருத்து, வழுவழுவென்று விரலில் ஒட்டும். சாந்தும் சுடுமண்ணும் நீரை உறிஞ்சிக்கொள்ளும், ஆனால் வழுக்காது, ஒட்டாது. வாங்கிய களிமண் பிள்ளையாரை விசர்சனத்துக்கு முன் வெயில் படும் இடத்தில் நன்றாகக் காயவிடுங்கள். பிறகு வாளியிலேயே கரைத்துவிடலாம். கரைவதற்கு முன் குன்றிமணிகளை எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். அந்த விதையை மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து, குழந்தைகள் கையில் கிடைக்கவே கூடாது. மிஞ்சும் சேறு தொட்டிச் செடிக்கு நல்ல மண்.

தெருவின் பெரிய சிலைதான் கடினமான பகுதி, அதில் கலைஞரின் நியாயத்தையும் கேட்க வேண்டும். சாந்து அரை மணி நேரத்தில் இறுகிவிடுகிறது. இறுகும்போது இம்மியளவு விரிவதால் அச்சின் நுணுக்கமெல்லாம் பதிகிறது. மழைக்காலத்திலும் வேலை நிற்காது. களிமண்ணோ கனம், காயும்போது சுருங்கி வெடிக்கும், அவசரமாகக் காயவைத்தால் இன்னும் வெடிக்கும். சதுர்த்திக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அதிகாரிகள் கிடங்குகளைப் பூட்டுவதால் கலைஞர் கடனாளி ஆவதைத் தவிர வேறொன்றும் நடப்பதில்லை. தெருக் குழு ஒன்று நிலையான சிலையை ஆண்டுதோறும் அலங்கரித்து வைத்துக்கொண்டு, அதன் முன் மஞ்சள் பொடியைப் பிசைந்து பிடித்து அருகம்புல் சூட்டும் பிள்ளையாரை நீரில் விடலாம். எந்தப் பூசையும் அந்த மஞ்சள் பிள்ளையாரோடுதானே தொடங்குகிறது. புதுச் சிலைதான் வேண்டும் என்றால், சித்திரையிலேயே சென்னை கொசப்பேட்டை, மதுரை விளாச்சேரி போன்ற இடங்களின் மண் கலைஞர்களிடம் சென்று, அளவைக் குறைத்து, சுடாத களிமண் என்று சொல்லி முன்பணம் கொடுத்துவிட வேண்டும். வைகாசி, ஆனி வெயிலில் அந்த மண் அவசரமில்லாமல், வெடிக்காமல் காய்ந்திருக்கும்.